மஸ்கட் வாசமும் மே மாத வெயிலும்

கம்பம் பன்னீர் திராட்சையைத் தின்று வளர்ந்தவர்களுக்குப் பிரான்சின் அல்சாஸ் பகுதி மஸ்கட் ஒயினை அறிமுகப்படுத்த அதிகம் மெனக்கெட வேண்டாம். கார்க்கை எடுத்ததும் மூக்கில் ஏறுவது கிட்டத்தட்ட அதே வாசம். பூந்தமல்லி பேருந்து நிலையத்தருகே தள்ளுவண்டியில் கிலோ கணக்கில் வாங்குகிறோமே, அந்தப் பன்னீர் திராட்சையின் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. அல்சாஸ் மஸ்கட்டில் சேரும் சிறுமணி வெள்ளை மஸ்கட் இதற்குப் பாட்டி முறை.

முதல் மிடறில் பலருக்கு ஏமாற்றம்தான். வாசம் இனிக்கிறது, நாக்கில் இனிப்பில்லை. சர்க்கரை முழுவதும் நொதித்துத் தீர்ந்த ஒயின் இது. இனிப்பு வேண்டுமென்றால் தென் பிரான்சின் போம்-த-வெனிஸ் மஸ்கட் இருக்கிறது. நொதித்தல் பாதியில் இருக்கும்போதே சாராயம் சேர்த்து நிறுத்துவதால் திராட்சையின் சர்க்கரை தங்கிவிடும். பாதாம் அல்வாவுக்கு அது பொருந்தும், சாப்பாட்டுக்கு ஆகாது.

அல்சாஸில் இதை வசந்த காலத் தண்ணீர்விட்டான் தண்டுகளோடு பரிமாறுவார்கள். நம் வீட்டில்? தேங்காய்ப்பால் விட்ட மீன் சொதி, இடியாப்பம், எலுமிச்சை பிழிந்த வஞ்சிரம் வறுவல். செம்பரம்பாக்கம் ஏரி மீனையும் வறுக்கலாம், மிளகாய்த்தூளைப் பாதியாகக் குறைத்தால். காரத்தை ஆல்கஹால் இன்னும் தூண்டிவிடும். புளிக்குழம்பு பக்கமே போகக் கூடாது. குழம்பின் புளிப்பு ஒயினின் புளிப்பை விழுங்கிவிட, மிஞ்சுவது சப்பென்ற தண்ணீர். பிரியாணிக்கு பீர்தான் சரி என்பவர்கள் உண்டு. குடியே வேண்டாம் என்பவர்களும் உண்டு. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

என் கவலை வேறு. வெயில்.

மஸ்கட்டின் வாசத்தில் பெரும்பங்கு லினலூல் என்ற பொருளுக்கு உரியது. மல்லிகையிலும் அது உண்டு. வரதராஜப் பெருமாள் கோயில் வாசலில் பூக்கட்டுபவர்கள் சரத்தை ஈரத்துணியில் சுற்றி வைக்கிறார்கள், வெயிலில் என்ன ஆகும் என்று தெரிந்ததால். ஒயினுக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. 12, 13 டிகிரியில் படுத்திருக்க வேண்டிய பாட்டில் துறைமுகத்தில் கன்டெய்னரில் வேகிறது, பிறகு லாரியில் வேகிறது. பெங்களூரு நெடுஞ்சாலையில் நசரத்பேட்டை, திருமழிசைப் பக்கம் வரிசையாக நிற்கும் தகரக் கூரை குடோன்களுக்குள் மே மாத மத்தியானத்தில் மனிதரே நிற்க முடியாது. அப்படி ஒரு கூரையின் கீழ் ஒரு வாரம் கிடந்தால் போதும், மஸ்கட்டின் பூவாசம் போய் வேகவைத்த பழத்தின் நெடி வந்துவிடும். இறக்குமதி வரி நீண்ட காலம் 150 சதவீதமாக இருந்தது. அவ்வளவு வரி கட்டிய சரக்கை இப்படிக் காய்ச்சிக் குடிப்பதில் என்ன கணக்கோ!

வெளிநாட்டிலிருந்து வரும் மருமகனோ தம்பியோ மீனம்பாக்கத்தில் வரியில்லாக் கடையில் வாங்கிவரும் பாட்டில் (ஆளுக்கு 2 லிட்டர் வரை அனுமதி) ஓரளவு தப்பிக்கும். அதையும் ஷோகேஸில் பொம்மைகளுக்கு நடுவே நிறுத்தி, அடுத்த தீபாவளிக்கு என்று வைத்துவிடுகிறோம். மஸ்கட் அப்படிக் காத்திருக்கும் சாதியல்ல. இரண்டு மூன்று ஆண்டுக்குள் குடித்துவிட வேண்டிய ஒயின். நம் வரவேற்பறையில் அந்த ஆயுளும் கிடையாது.

வாங்கும்போது கார்க் மேலே துருத்தியிருக்கிறதா, மூடித்தாளுக்கடியில் பிசுபிசுப்பு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இருந்தால் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் நேரே ஃபிரிட்ஜில், கதவுத் தட்டில் அல்ல, கீழ்த்தட்டில் படுக்கவையுங்கள். 8 முதல் 10 டிகிரிக்குள் ஊற்றுங்கள். டம்ளரை நிரப்பாதீர்கள், பூந்தமல்லி வெப்பத்தில் கடைசி வாய்க்குள் அது வெந்நீராகிவிடும். மிச்சத்தை இரண்டு நாளைக்குள் முடித்துவிட வேண்டும். முடியாவிட்டால் மீன் சொதியில் ஊற்றலாம், நன்றாகவே இருக்கிறது.