மூடி அணைந்துவிடக் கூடாத லேப்டாப்

2013 அக்டோபர் 1. சான் பிரான்சிஸ்கோவில் கிளென் பார்க் கிளை நூலகம். ராஸ் உல்பிரிக்ட் லேப்டாப்பில் மூழ்கியிருந்தபோது, முதுகுக்குப் பின்னால் ஓர் ஆணும் பெண்ணும் திடீரென்று சண்டை பிடித்தார்கள். அவர் திரும்பிப் பார்த்த நொடியில் லேப்டாப் கைமாறிவிட்டது. சண்டை நாடகம், போட்டவர்கள் எஃப்.பி.ஐ. ஆட்கள். அவர் நடத்திய 'சில்க் ரோடு' என்ற இணையப் போதைப்பொருள் சந்தையின் நிர்வாகிப் பக்கம் திரையிலேயே திறந்து கிடந்தது. மூடி சாத்தப்பட்டிருந்தால் எல்லாம் மறைக்குறியீட்டுக்குள் போயிருக்கும்.

முன்பெல்லாம் புலனாய்வாளர்களுக்கு விதி நேர்மாறு: பிளக்கைப் பிடுங்கு, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்று, நகலெடுத்து ஆய்வகத்தில் நிதானமாகத் தேடு. அது பலனும் தந்தது. பத்துப் பேரைக் கொன்ற டென்னிஸ் ரேடர் 2005இல் அமெரிக்காவின் விச்சிட்டா பகுதியில் சிக்கியது ஒரு பிளாப்பியால். அதில் அழித்திருந்த வேர்டு கோப்பைப் போலீசார் மீட்டனர். ஒரு தேவாலயத்தின் பெயரும் 'டென்னிஸ்' என்ற பெயரும் கோப்பின் விவரங்களில் அப்படியே இருந்தன.

ஹார்ட் டிஸ்க்கின் இடத்தைப் பிடித்த இன்றைய எஸ்.எஸ்.டி. அவ்வளவு தாராளம் காட்டாது. கோப்பை அழித்ததும், அந்த இடத்தைத் துடைக்கும் வேலையை டிஸ்க்கே உள்ளுக்குள் செய்துகொள்கிறது. வெளியிலிருந்து எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் 'ரைட் பிளாக்கர்' கருவியால் இதை நிறுத்த முடியாது. மின்சாரம் கிடைத்தாலே போதும், துடைப்பு தொடரும்.

அதனால் கவனம் கணினியின் தற்காலிக நினைவகமான ரேம் பக்கம் திரும்பியது. மறைக்குறியீட்டைத் திறக்கும் சாவி, கணினி ஓடும்வரை அங்கேதான் இருக்கும். 2008இல் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் அடங்கிய குழு ஒன்று வேடிக்கையான சோதனை செய்தது. தூசி ஊதும் ஸ்பிரே கேனைத் தலைகீழாகப் பிடித்து ரேம் சில்லு மேல் பீய்ச்சி, மைனஸ் 50 டிகிரிக்குக் குளிர வைத்தார்கள். மின்சாரத்தைத் துண்டித்து பத்து நிமிடம் ஆன பிறகும் ஒரு சதவீதத்துக்கும் குறைவான தரவே அழிந்திருந்தது! இன்று பல லேப்டாப்களில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. கழற்றி எடுப்பது லேசல்ல. ஓடும்போதே நகலெடுப்பதுதான் நடைமுறை.

போனில் இன்னும் அவசரம். சிக்னல் புகாத ஃபாரடே பையில் போட்டால், தொலைவிலிருந்து யாரும் தரவை அழிக்க முடியாது. ஆனால் 2024இல் வந்த ஐ.ஓ.எஸ். 18.1 முதல், மூன்று நாள் யாரும் திறக்காத ஐபோன் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. அதன்பின் கடவுச்சொல் போடும்வரை பெரும்பாலான தரவு பூட்டியே இருக்கும். பைக்குள் இருந்தாலும் கடிகாரம் ஓடத்தானே செய்யும்?

எடுத்த தரவு நீதிமன்றத்திலும் நிற்க வேண்டும். இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியம், மின்னணுச் சாட்சியோடு தரும் சான்றிதழில், கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் 'ஹேஷ்' எண்ணையும் கேட்கிறது. கோப்பில் ஒரு காற்புள்ளி மாறினாலும் இந்த எண் அடியோடு மாறிவிடும். ஓடும் ரேமிலோ சிக்கல்: நகலெடுக்கும் மென்பொருளே அதற்குள் இடம் பிடிக்கிறது, இரண்டு முறை எடுத்தால் இரண்டு ஹேஷ். ஆகவே எந்தக் கருவியை, எந்த மணி நிமிடத்தில், எந்த வரிசையில் ஓட்டினோம் என்று விசாரணை அதிகாரி நோட்டில் எழுதி வைத்தாக வேண்டும்.