எல்லையோரம் – 14: முத்திரையைக் காட்டும் நேரம்

கேரள–தமிழக எல்லையை ஒட்டிய பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம் வெளிநாடு என்றால் இன்றும் ‘கல்ஃப்’தான். இஞ்சிவிளையிலிருந்து அமரவிளை வரை நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் மாடி வீடுகள் பலவற்றுக்கு அஸ்திவாரப் பணம் துபாயிலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும் வந்தது. அந்தக் கதையைப் போன வாரம் முடித்தோம். இந்த வாரம் கிழக்கே திரும்பலாம்.

2019 ஏப்ரலில் ஜப்பான், திறன் தொழிலாளர்களுக்கென்று ஒரு புதிய விசாவைத் திறந்தது. 2021 ஜனவரியில் அதற்காக இந்தியாவோடு ஒப்பந்தமும் போட்டது. காரணம் எளிது. அங்கே நூற்றுக்கு 29 பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். அவர்களைக் குளிப்பாட்டவும் கைப்பிடித்து நடத்தவும் ஆள் இல்லை. அடிப்படை ஜப்பான் மொழித் தேர்வும் பராமரிப்புத் தேர்வும் தேறினால் ஐந்து வருடம் வேலை. குடும்பத்தை அழைத்துப்போக முடியாது. எங்கள் ஊர்ப் பெண்கள் சிலர் இந்த வழியாகக் கிளம்பினார்கள். என் அக்கா மகளும் ஒருத்தி. தோக்கியோவுக்கு வடக்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள்.

அவள் வேலையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அதாவது, அவள் சொல்வதில்லை. காலையில் தாத்தா பாட்டிகளை எழுப்பிப் படுக்கை மாற்றுவது, பல்செட்டைக் கழுவிக் கொடுப்பது, குழைந்த அரிசிக் கஞ்சியை உப்பிட்ட புளிப்புப் பழத்தோடு ஊட்டுவது. “கஞ்சி நம்ம கஞ்சியாக்கும் மாமா. தொட்டுக்கத்தான் பயறு இல்ல” என்பாள். யார் எவ்வளவு தண்ணீர் குடித்தார்கள், யார் எத்தனை முறை கழிப்பறை போனார்கள் என்று எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும். முதல் ஆறேழு மாதம் அந்த எழுத்துதான் அவளை அழ வைத்தது.

தேர்வுப் பாடத்துக்கு மேல் அவளுக்கு மொழியைக் கற்றுக் கொடுத்தது கூடத்தில் இருக்கும் பெரிய டிவி. அந்த டிவியை யாரும் அணைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை பகல் 12.15க்கு ‘நோதோ ஜிமான்’. வானொலியில் 1946இல் தொடங்கி இன்றும் ஓடுகிற பாட்டுப் போட்டி. மீன்காரர், பள்ளி ஆசிரியை, எண்பது வயது விவசாயி என்று யார் வேண்டுமானாலும் பாடலாம். பாட்டு நன்றாக இருந்தால் மணிகள் வரிசையாகக் குலுங்கும். இல்லையென்றால் ஒரே ஒரு அடி, மிஞ்சினால் இரண்டு, போய் வா என்று. அந்த ஒற்றை அடிக்குத்தான் கூடம் அதிகமாகச் சிரிக்கும் என்கிறாள். வருடத்தில் ஆறு தடவை, தடவைக்குப் பதினைந்து நாள், சுமோ மல்யுத்தம் வரும். அந்த நாட்களில் மாலை ஆறு மணி வரை எந்தத் தாத்தாவையும் குளிக்கக் கூப்பிட முடியாது. கூப்பிட்டால் காது கேளாதவர் ஆகிவிடுவார்.

ஆனால் அந்தக் கூடத்தில் எல்லோரும் அமைதியாக உட்கார்ந்து பார்ப்பது ஒரு பழைய தொடரை, மறு ஒளிபரப்பில்: ‘மிதோ கோமோன்’. 1969 ஆகஸ்டில் டிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கி 2011 டிசம்பரில் முடிந்தது. திங்கட்கிழமை இரவு எட்டு மணி. நாற்பத்திரண்டு வருடத்தில் 1,200க்கு மேற்பட்ட அத்தியாயங்கள். நாயகன் வேடத்துக்கு ஆள் மாறிக்கொண்டே இருந்தாலும், கதை மட்டும் மாறியதில்லை.

அந்தக் கதை இதுதான். வெள்ளைத் தாடியும் கைத்தடியுமாக ஒரு கிழவர், சுகேசபுரோ, காக்குனோஷின் என்று இரண்டு ஆட்களோடு ஊர் ஊராக நடக்கிறார். எச்சிகோ பக்கத்துத் துணி வியாபாரி, தொழிலை மகனிடம் விட்டுவிட்டு ஊர் சுற்றுகிறவர் என்றுதான் சொல்லிக்கொள்வார். போகிற ஊரில் ஒரு அதிகாரியும் ஒரு வியாபாரியும் சேர்ந்து ஏழைகளை வதைத்துக்கொண்டிருப்பார்கள். கிழவரையும் மிரட்டுவார்கள். கத்திச் சண்டை நடக்கும். ஏறக்குறைய முக்கால் மணி நேரம் கழிந்ததும் காக்குனோஷின் மடியிலிருந்து ஒரு சின்ன மருந்துச் சிமிழை எடுத்து உயர்த்திக் காட்டுவான். அதில் மூன்று இலை பொறித்த தொகுகாவா வம்ச முத்திரை. கிழவர் யார் என்று அப்போதுதான் தெரியும்: நாட்டை ஆண்ட ஷோகனின் குடும்பத்தவர், மிதோ பகுதியின் பெரிய பிரபு தொகுகாவா மித்ஸுகுனி. அதிகாரி மண்ணில் நெற்றி பட விழுவான். கூடத்துப் பாட்டிகள் சிலர் உட்கார்ந்த இடத்திலேயே கொஞ்சம் தலை குனிவார்களாம்.

மித்ஸுகுனி என்ற பிரபு உண்மையில் இருந்தார் (1628–1701). ஆனால் அவர் இப்படி நாடு முழுக்கச் சுற்றியவர் இல்லை; பெரிய ஜப்பானிய வரலாற்று நூல் ஒன்றை எழுதவைத்தவர். நடக்க வைத்தது பிற்காலத்துக் கதைசொல்லிகள்.

ஒரு நாள் வாட்ஸப்பில் இந்தத் தொடரைப் பற்றிச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். “மாமா, இது நம்ம அம்மச்சிப் பிலாவுக் கதையாக்கும். மரத்துக்குப் பதிலா தாடி, அவ்வளவுதான்.”

நெய்யாற்றின்கரை ஸ்ரீகிருஷ்ண சுவாமி கோயில் வளாகத்துக்குப் போனவர்களுக்கு அந்தப் பட்டுப்போன பலா மரத்தைத் தெரியும். எட்டுவீட்டுப் பிள்ளைமார் ஆட்கள் துரத்தி வந்தபோது இளவரசர் மார்த்தாண்ட வர்மா அதன் பொந்துக்குள் ஒளிந்தார், அந்தப் பொந்தைக் காட்டிக் கொடுத்த சிறுவன் கண்ணனே, பிறகு ராஜாவானதும் (1729) நன்றிக்கு அந்தக் கோயிலைக் கட்டினார் என்பது வழிவழிக் கதை. இதை நாங்கள் சோற்றோடு விழுங்கி வளர்ந்தோம். சி. வி. ராமன் பிள்ளை 1891இல் ‘மார்த்தாண்டவர்மா’ நாவலை எழுதியபோது மாறுவேடங்களால் அதை நிரப்பினார். அதில் வரும் பைத்தியக்காரச் சாணான் உண்மையில் பைத்தியமும் அல்ல, சாணானும் அல்ல. மாண்டுபோனதாக ஊர் நம்புகிற பிரபு வீட்டுப் பிள்ளை. அந்த நாவல் 1933இல் பேசாப் படமாகவும் வந்தது. மலையாள சினிமாவின் தந்தை ஜே. சி. டானியலின் உறவினர் சுந்தர்ராஜ்தான் தயாரிப்பாளர். பதிப்பாளர் காப்புரிமை வழக்குப் போட, படம் முடங்கியது. வழக்கில் சிக்கியதால்தான் சுருள் அழியாமல் கிடந்தது. 1974இல் புனே திரைப்படக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆக, தேர்வுக்குப் படித்த ஜப்பான் மொழிக்கு மேல் தெரியாத பெண்ணுக்கு மிதோ கோமோன் முதல் நாளே புரிந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. டிவியிலிருந்து அவள் கற்ற முதல் ஜப்பான் வாக்கியங்கள் முன்னூறு வருடம் பழையவை என்பதுதான் சிக்கல். மேற்பார்வையாளரிடம் ஒருமுறை அப்படிப் பேசப் போய், அந்த அம்மாள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறார்.

இங்கேதான் எனக்கு ‘முத்து’ நினைவுக்கு வந்தது. 1994இல் பிரியதர்ஷன் எடுத்த மலையாளப் படம் ‘தேன்மாவின் கொம்பத்து’, மோகன்லால், ஷோபனா. அதைத் தமிழுக்கு ஏற்றபடி மாற்றி 1995 தீபாவளிக்கு கே. எஸ். ரவிகுமார் ‘முத்து’வாகக் கொண்டுவந்தார். எல்லையோரத்தில் இரண்டையும் பார்க்காத வீடு அபூர்வம். தமிழ்ப் படத்தில் முத்துவும் ரங்கநாயகியும் குதிரை வண்டியோடு வழிதவறிக் கேரளத்துக்குள் போய் மாட்டிக்கொள்வார்கள். மலையாளம் தெரியாமல் ரஜினி விழிக்கும் காட்சிக்கு மற்ற ஊர்களில் சிரித்தார்கள். எங்கள் பக்கத்தில் சிரிப்போடு ஒரு பெருமையும் இருந்தது. அந்த எல்லையைத் தினமும் பேருந்தில் கடக்கிறவர்கள் அல்லவா!

1998 ஜூனில் அந்தப் படம் ‘முத்து: நடனமாடும் மகாராஜா’ என்ற பெயரில் தோக்கியோவின் ஷிபுயாவில் இருந்த சினிமா ரைஸ் திரையரங்கில் வெளியாகி 23 வாரம் ஓடியது. சிங்கப்பூரில் அதைக் கண்டெடுத்துக் கொண்டுபோனவர் ஜுன் எடோகி என்ற விமர்சகர். 2006 டிசம்பரில் பிரதமர் மன்மோகன் சிங் ஜப்பான் நாடாளுமன்றத்தில் பேசியபோது அந்தப் படத்தைக் குறிப்பிட்டார். ஜப்பானில் இந்தியப் பட வசூலில் அதன் சாதனையை முறியடிக்க 2022 அக்டோபரில் ‘ஆர்ஆர்ஆர்’ வர வேண்டியிருந்தது.

அந்த வெற்றிக்கு அப்போது பத்திரிகைகளில் வந்த காரணங்கள் தெரிந்தவையே: பொருளாதாரம் சரிந்து கிடந்த நாட்டில் மக்களுக்கு வண்ணமும் ஆட்டமும் தேவைப்பட்டது, ஏ. ஆர். ரஹ்மான் இசை, ரஜினியின் துண்டு வீச்சு. இருக்கட்டும். ஆனால் படத்தின் கதையை ஒரு நிமிடம் பாருங்கள். குதிரைக்குப் புல் போடும் வேலைக்காரன். அவன்தான் ஜமீனின் உண்மையான வாரிசு. சொத்தை விட்டுக்கொடுத்து ஆண்டியாகப் போன பெரிய ஜமீன்தார், வெள்ளைத் தாடியோடு எங்கோ நடந்துகொண்டிருக்கிறார். கடைசியில் உண்மை தெரிந்ததும் எல்லோரும் கைகூப்புகிறார்கள். கிட்டத்தட்ட முப்பது வருடம் திங்கட்கிழமை தோறும் தாடிக் கிழவரின் முத்திரைக்குக் காத்திருந்த ஜனங்களுக்கு இது புதுக் கதையா? ஷிபுயாவுக்கு வந்த இளைஞர்கள் தாத்தா பாட்டி மடியில் கிடந்து மிதோ கோமோன் பார்த்தவர்கள். ஆட்டம் பாட்டம் புதிதாக இருந்திருக்கும், முடிவு அல்ல. இது என் ஊகம்தான். ஆனால் இதை விட நல்ல காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இந்தக் கதை எனக்கு முழுதாகப் பிடிக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். வேலைக்காரன் ஜெயிக்க வேண்டுமானால் அவன் உள்ளுக்குள் ஜமீன்தாராக இருந்தாக வேண்டும். ஏழை விவசாயி காப்பாற்றப்பட வேண்டுமானால் ஷோகனின் உறவினர் தற்செயலாக அந்த வழியில் வர வேண்டும். வராத ஊர்களில் என்ன நடந்தது? எங்கள் ஊர்களிலேயே பாருங்கள். தோள்சீலைக்காகத் தெற்குத் திருவிதாங்கூரின் நாடார் பெண்கள் அடியும் அவமானமும் பட்டுப் பல பத்தாண்டுகள் போராடிய பிறகே 1859இல் அரசாணை வந்தது. அதுவும் முழு உரிமை தராத ஆணை. நெய்யாற்றின் கரையில் அருவிப்புறத்தில் 1888இல் நாராயண குரு சிவலிங்கம் நாட்டியபோது எந்த முத்திரையையும் காட்டவில்லை. ஆற்றிலிருந்து எடுத்த கல் ஒன்றுதான் கையில் இருந்தது. பஞ்சமி என்ற புலையச் சிறுமியை அய்யன்காளி கையைப் பிடித்து ஊரூட்டம்பலம் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப்போனபோது பள்ளிக்கூடத்தையே எரித்தார்கள். மாறுவேடத்தில் ஒரு ராஜா வந்து தடுக்கவில்லை.

இதையெல்லாம் போனில் ஒரு பாட்டம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். “கத பாக்கும்போ இதெல்லாம் நெனச்சா பாக்க முடியுமா மாமா? இங்க உள்ள பாட்டிமாரு வாழ்க்கை பூரா யார் யாருக்கோ குனிஞ்சவங்க. அந்த ஆபீசரு குனியறத ஒரு தடவ பாக்கட்டுமே.” அதற்கு மேல் நான் வாதாடவில்லை.

அவளுக்கென்று பிடித்தது வேறு. இரவுப் பணி முடிந்து அறைக்கு வந்தால் ‘ஷின்யா ஷோகுதோ’ என்ற தொடர். நள்ளிரவில் திறந்து காலை ஏழு மணிக்கு மூடும் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. முகத்தில் வெட்டுத் தழும்புள்ள கடைக்காரர். வருகிறவர்கள் கேட்டதைச் சமைத்துத் தருவார். ராஜாவும் இல்லை, முத்திரையும் இல்லை. அது முடிந்தால் ஒரு மலையாளப் படமோ தமிழ்ப் படமோ. எது என்று அவள் கணக்கு வைப்பதில்லை. சன் டிவியும் ஏஷியாநெட்டும் 1993 என்ற ஒரே வருடத்தில் ஆகாயத்திலிருந்து எங்கள் வீடுகளுக்கு இறங்கியவை. சாயங்காலம் அம்மாவுக்கு ஒன்று, இரவு அப்பாவுக்கு ஒன்று என்று ஒரே பெட்டியில் இரண்டு மொழி ஓடிய வீட்டில் வளர்ந்தவளுக்கு மூன்றாவது மொழியின் முன்னால் உட்கார்வதில் கூச்சம் இல்லை. சென்னையிலிருந்தும் கொச்சியிலிருந்தும் வந்த அறைத்தோழிகள் ஜப்பான் டிவியைப் பார்ப்பதே இல்லை என்று சொல்கிறாள். பார்த்தால் புரியாது என்று பார்க்காமலேயே முடிவு செய்துவிட்டார்களாம்.

ஜப்பானுக்குப் போன திருவிதாங்கூர்க்காரர்களில் பெயர் சொல்லத்தக்க முன்னோடி ஏ. எம். நாயர். திருவனந்தபுரத்தில் 1905இல் பிறந்தவர். மாணவர் போராட்டங்களில் இறங்கியதால் போலீஸின் பார்வை பட்டது. வீட்டார் 1928இல் கியோத்தோ பல்கலைக்கழகத்துக்குப் பொறியியல் படிக்க அனுப்பினார்கள். படித்து முடித்தும் திரும்ப வழியில்லை. ராஷ் பிகாரி போஸோடு இந்திய சுதந்திர லீக்கில் வேலை செய்தார். மஞ்சூரியாவிலும் மங்கோலியாவிலும் பிரிட்டிஷாருக்கு எதிராக அலைந்ததையும், வேடம் மாற்றிப் பயணம் செய்ததையும் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். ஜப்பானியப் பெண்ணை மணந்தார். போர் முடிந்து, நாடும் விடுதலை அடைந்த பிறகு, 1949இல் தோக்கியோவின் கின்சாவில் ஒரு சாப்பாட்டுக் கடை திறந்தார். கபுகி நாடக அரங்கிலிருந்து நடை தூரம். ‘நாயர் ரெஸ்டாரன்ட்’ இன்றும் அங்கே நடக்கிறது. மகன் ஜி. எம். நாயர் ஜப்பான் டிவியில் தெரிந்த முகம். 1984இல் ஜப்பான் அரசு மூத்தவருக்கு விருது கொடுத்தது, 1990இல் காலமானார்.

இவர் வாழ்க்கையை ‘நாயர் சான்’ என்ற பெயரில் மோகன்லாலை வைத்துப் படமாக்கப்போவதாகவும், ஜாக்கி சான் அதில் நடிப்பதாகவும் பதினைந்து வருடங்களுக்கு முன்பு பெரிதாகச் செய்தி வந்தது. படம் வரவில்லை. வந்திருந்தால் மங்கோலியாவிலேயே கதை முக்கால்வாசி ஓடியிருக்கும், கடையின் அடுப்படி ஐந்து நிமிடம் வந்திருந்தால் அதிகம். எனக்கென்னவோ அந்த அடுப்படிதான் படம். ஒரு பேரரசு தோற்று, இன்னொரு பேரரசு கிளம்பிப் போன பிறகு, நாற்பத்து நான்கு வயதில் ஒரு மனிதர் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு கறி கிண்டத் தொடங்குகிறார்.

போன மாதம் விடுமுறை நாளில் என் அக்கா மகள் கின்சாவுக்கு ரயிலேறிப் போய் அந்தக் கடையில் சாப்பிட்டாள். புகழ்பெற்ற கோழிக்கறிச் சாப்பாடுதான்: மஞ்சள் சோறு, முட்டைக்கோஸ், மசித்த உருளைக்கிழங்கு, எலும்பிலிருந்து பிரித்துத் தரும் கோழி. எல்லாவற்றையும் நன்றாகப் பிசைந்து சாப்பிட வேண்டும் என்று பரிமாறுகிறவர் ஒவ்வொரு மேசையிலும் சொல்வது அங்கே வழக்கம். இவளிடமும் கரண்டியால் கிளறிக் காட்டி ஜப்பான் மொழியில் விளக்கியிருக்கிறார்.

“பாறசாலக்காரிக்குச் சோறு பெசையப் படிப்பிக்காரு, கேட்டியளா மாமா” என்றாள்.

(தொடரும்)