நள்ளிரவில் தன்னைச் சோதிக்கும் வண்டி

அவிசாவளையில் பாதி டாங்கி பெற்றோலோடு ஏ7 வீதியில் ஏறத் தொடங்குகிறீர்கள். கித்துல்கல, கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை எல்லாம் கடந்து நுவரெலியாவில் இறங்கும்போது 1,868 மீற்றர் உயரத்துக்கு வந்துவிட்டீர்கள். அங்கே காற்றழுத்தம் கடலோரத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். 60 லீற்றர் டாங்கியில் பெற்றோலுக்கு மேலே அடைந்திருந்த 30 லீற்றர் ஆவி, வெப்பநிலை மாறவில்லை என்று வைத்துக்கொண்டால், இப்போது ஏறக்குறைய 37 லீற்றராக விரிய வேண்டும். அந்த மேலதிக 7 லீற்றர் எங்கே போகும்?

ஒரு காலத்தில் நேராக வெளியே போனது. 1970இல் கலிபோர்னியா அதற்குத் தடை போட்டது. அதன் பிறகு டாங்கியின் ஆவிக்கென்று ஒரு கரிப்பெட்டி வந்தது. கராஜ்களில் ‘சார்கோல் கெனிஸ்டர்’ என்பார்கள். உள்ளே இருப்பது செயலூட்டிய கரி, அதாவது நுண்துளைகள் நிறைந்திருக்கும்படி பதப்படுத்திய கரி. அதில் ஒரு கிராமின் உட்பரப்பை எல்லாம் விரித்துப் போட்டால் 1,000 சதுர மீற்றருக்கு மேல் வரும். நம் கணக்கில் 40 பேர்ச். தோட்டத்துத் தனிவீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு 7 பேர்ச் என்று காணி கொடுத்தார்களே, அப்படி ஐந்து குடும்பங்களுக்குக் கொடுத்தும் மிஞ்சும்!

செயலூட்டிய தேங்காய்ச் சிரட்டைக் கரியை உலகெங்கும் ஏற்றுமதி செய்யும் நாடு இலங்கை. ஆனால் இந்தப் பெட்டிக்குப் பெரும்பாலும் மரக்கரியைத்தான் தேடுகிறார்கள். சிரட்டைக் கரியின் துளைகள் மிகவும் சின்னவை. பிடித்த ஆவியை லேசில் விடாது. இங்கே தேவைப்படுவதோ பிடிக்கவும் வேண்டும், கேட்டதும் விடவும் வேண்டும் என்ற குணம். என்ஜின் ஓடும்போது ‘பர்ஜ் வால்வு’ என்ற சிறு கதவு திறக்கும். வெளிக்காற்று கரிக்குள் புகுந்து, தேங்கிய ஆவியை என்ஜினுக்கு இழுத்துப் போகும். வீணாக வேண்டிய பெற்றோல் வண்டியை இழுக்கிறது.

இத்தனை குழாய், வால்வு, மூடி இருந்தால் எங்காவது ஓட்டை விழத்தானே செய்யும்? அமெரிக்காவில் 1996இலிருந்து எல்லாப் புதிய கார்களும் பிக்கப்களும் தம் கோளாறைத் தாமே கண்டறிய வேண்டும் என்று சட்டம் வந்தது. முதலில் 1 மில்லிமீற்றர் ஓட்டை வரை, பிறகு அரை மில்லிமீற்றர் வரை. எங்கள் தோட்டத்து கெப்களில் அநேகம் டீசல். டீசல் அவ்வளவாக ஆவியாகாது என்பதால் அவற்றுக்கு இந்தத் தொல்லையே இல்லை. பெற்றோல் பிக்கப் வைத்திருப்பவர் கவலைப்படலாம்.

அரை மில்லிமீற்றர் ஓட்டையை வண்டி எப்படிக் கண்டுபிடிக்கும்? 2000களின் நடுப்பகுதிக்குப் பின் அமெரிக்கச் சந்தைக்கென டொயோட்டா செய்த பல வண்டிகள், டக்கோமா பிக்கப் உட்பட, இதற்கு ராத்திரியைத் தேர்ந்தெடுத்தன. சாவியை எடுத்து ஐந்து மணிநேரம் கழிந்து, எல்லாரும் தூங்கும் நேரத்தில், வண்டியின் கணினி தானே விழிக்கும். ஒரு குட்டிப் பம்பை ஓட்டும். அந்தப் பம்பு முதலில் டாங்கியைத் தொடாது. தனக்குள்ளேயே வேண்டுமென்று துளைத்து வைத்த அரை மில்லிமீற்றர் துவாரம் வழியாகக் காற்றை உறிஞ்சி, அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளும். அடுத்து டாங்கியை உறிஞ்சும். அந்த அளவுக்குக்கூட அழுத்தம் இறங்கவில்லையா? அப்படியானால் எங்கோ அதைவிடப் பெரிய ஓட்டை இருக்கிறது. அளவுகோலை ஒவ்வொரு தடவையும் நின்ற இடத்திலேயே செய்துகொள்வதால், கொழும்பா நுவரெலியாவா என்ற பேதம் தீர்ப்பைக் கெடுக்காது. இந்த யோசனைக்காகவே அந்தப் பொறியியலாளர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

ஆனாலும் ஏறக்குறைய 2,400 மீற்றருக்கு மேலே சோதனையே நடக்காது. இலங்கையில் அந்த எல்லையைத் தாண்டுகிற மலை 2,524 மீற்றர் பிதுருதலாகலைதான். சிவனொளிபாதமலைகூட 2,243தான்.

‘செக் என்ஜின்’ விளக்கு எரிந்துவிட்டது, ஸ்கேனர் பி0456 என்று காட்டுகிறது. மிகச் சிறிய கசிவு என்று அர்த்தம். பி0455 என்றால் பெரிய கசிவு. எங்கே என்று கணினிக்குத் தெரியாது. அதற்குத்தான் புகைச் சோதனை. கனிம எண்ணெயைச் சூடாக்கி வரும் வெண்புகையை, டயர்க் காற்றில் அறுபதில் ஒரு பங்கு அழுத்தத்தில் குழாய்களுக்குள் செலுத்துவார்கள். டோர்ச் அடித்துப் பார்த்தால் ஓட்டையிலிருந்து புகை நூலாக எழும். மலையகத்தில் இதைக் கராஜுக்குள்ளே கதவைச் சாத்திவிட்டுச் செய்வதுதான் புத்தி. வெளியே மூடுபனியில் புகையைத் தேடிப் பயனில்லை. டயருக்கு அடிக்கும் கம்ப்ரசரை டாங்கியில் மாட்டவே கூடாது. அந்த அழுத்தத்துக்குச் செய்த பாத்திரமல்ல அது; தீ அபாயமும் உண்டு.

ஆண்டுதோறும் எடுக்கும் வாகனப் புகைப் பரிசோதனை இந்தக் கசிவைக் காட்டாது. அது பார்ப்பது சைலன்சர் புகையை மட்டுமே.

செலவு செய்யுமுன் பெற்றோல் மூடியைக் கழற்றி அதன் ரப்பர் வளையத்தைத் தடவிப் பாருங்கள். வெடித்திருந்தால் மூடியை மாற்றுங்கள். பெற்றோல் அடிக்கும்போது பம்பு ‘டக்’கென்று நின்றதும் நிறுத்துங்கள். 2022 பெற்றோல் வரிசைகளின் ஞாபகத்தில் வாய்வரை நிரப்பினால் திரவப் பெற்றோலே கரிக்குள் போய் அதைக் கெடுத்துவிடும். மூடி மாற்றியதும் விளக்கு அணையவில்லை என்று பதற வேண்டாம். பல வண்டிகளில் டாங்கி 15 முதல் 85 வீதம் வரை நிறைந்திருந்தால்தான் சோதனை நடக்கும். சில நாள் ஓட்டிப் பாருங்கள். பெற்றோல் வாடை அடித்தால் மட்டும் காத்திருக்காதீர்கள், அன்றே கராஜுக்குக் கொண்டுபோங்கள்.