பதினோராவது ஆளுக்கு ஏன் கதவு திறக்கவில்லை?



சில வருடங்களுக்கு முன் ஒரு மாதக் கடைசி. விருத்தாசலத்தில் அகல் விளக்கு செய்யும் குழு உறுப்பினர்கள், கார்த்திகைக்கு முன்னால் கடன் வேண்டும் என்று அலுவலகம் வந்திருந்தார்கள். கம்ப்யூட்டரில் கணக்கு எடுத்தால்தான் வங்கிக்குப் படிவம் போகும். ஆனால் கணக்கு திறக்கவே இல்லை. "கம்ப்யூட்டர் ஓடலை, நாளைக்கு வாங்கம்மா" என்று அனுப்பி விட்டோம். மறுநாளும் அதே கதை. "எங்க கணக்குல ஏதாவது தப்பு பண்ணிட்டு மறைக்கிறீங்களா?" என்று ஒரு அக்கா கேட்டேவிட்டார். இரண்டு நாள் கூலியை விட்டு வந்தவர் அப்படிக் கேட்டதில் தவறில்லை.

உண்மையில் நடந்தது என்ன?

எல்லாக் குழுக்களின் கணக்கும் ஒரே கம்ப்யூட்டரில் இருந்தது. மற்றவர்கள் தங்கள் இடத்திலிருந்தே ஒயர் வழியாக அதைத் திறந்து பார்ப்போம். அதில் இருந்தது விண்டோஸ் எக்ஸ்பி புரொபஷனல். ஒரே நேரத்தில் 10 இணைப்புகளைத்தான் அது ஏற்கும். மாதக் கடைசியில் எல்லோரும் உட்கார்ந்ததால் பத்தும் நிரம்பிவிட்டது. பதினோராவதாக வந்தது கடன் பிரிவு. "இனி இணைப்பு தர முடியாது" என்று திரையில் ஆங்கிலத்தில் வந்ததை நாங்கள் நிதானமாகப் படிக்காமல் மூடிவிட்டோம். தவறு எங்களுடையதுதான்.

சூளையில் இடம் இருக்கிற அளவுக்குத்தானே அகல் அடுக்க முடியும்? மீதி அடுத்த சூளைக்குத்தான். இதுவும் அப்படித்தான். ஒரே வித்தியாசம், இந்த அளவை வைத்தது கம்பெனி. வீட்டுக்கான எக்ஸ்பி ஹோமில் 5 தான். விண்டோஸ் 7, 10, 11 ஆகியவற்றில் 20. அதற்கு மேல் வேண்டும் என்றால் சர்வர் என்று தனியாக விற்கிறார்கள்.

எப்படி எண்ணுகிறார்கள்?

ஒரு கம்ப்யூட்டரிலிருந்து ஐந்து ஃபைல் திறந்தாலும் பொதுவாக ஒரே இணைப்புதான். ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் மாட்டிய பிரிண்டரைப் பொதுவில் பயன்படுத்தினால் அதுவும் இந்தக் கணக்கில் சேரும். யாரும் தொடாத இணைப்பு வழக்கமாக 15 நிமிடத்தில் தானே விடுபடும். ஃபைலைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் அந்த இடம் காலியாகாது.

என்ன செய்யலாம்?

1. வேலை முடிந்ததும் ஃபைலை மூட வேண்டும். இதற்குச் செலவே இல்லை.

2. யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்பதை முதன்மைக் கம்ப்யூட்டரின் 'கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்' பகுதியில், 'ஷேர்டு ஃபோல்டர்ஸ்' என்பதற்குள் 'செஷன்ஸ்' என்ற இடத்தில் பார்க்கலாம். அங்கிருந்தே துண்டிக்கவும் முடியும். ஆனால் சேமிக்காத வேலை போய்விடும், கேட்டுவிட்டுச் செய்யவும்.

3. ஆள் அதிகமானால் லினக்ஸில் சாம்பா என்ற மென்பொருளைப் போடலாம். விலை கிடையாது, இந்த 10, 20 கட்டுப்பாடும் கிடையாது. போட்டுப் பராமரிக்கத் தெரிந்த ஆள் மட்டும் வேண்டும்.

இதெல்லாம் நமக்கு எதற்கு?

கூட்டமைப்பின் பணம் உங்கள் சந்தாப் பணம். "மெமரி கூட்டுங்க, பெரிய ஸ்விட்ச் வாங்குங்க, சரியாயிடும்" என்று யாராவது விலைப்பட்டியல் கொண்டு வரலாம். அவை வேகத்துக்கும் ஒயர் மாட்டும் இடத்துக்கும்தான் உதவும். இந்த எண்ணிக்கை கூடாது. எக்ஸ்பிக்கு 2014-லும், விண்டோஸ் 7-க்கு 2020-லும், விண்டோஸ் 10-க்கு 2025-லும் கம்பெனியின் வழக்கமான பாதுகாப்பு உதவி நின்றுவிட்டது. பழையதை மாற்றுவது நல்லதுதான், ஆனால் எதற்காக மாற்றுகிறோம் என்று தெரிந்து தீர்மானம் போடுங்கள்.

இனி அலுவலகத்தில் "கம்ப்யூட்டர் ஓடலை" என்று யாராவது சொன்னால் திரும்பிப் போகாதீர்கள். "திரையில என்ன எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லுங்க" என்று கேளுங்கள். குழுவின் பேரேட்டையும் பாஸ்புக்கையும் கையால் எழுதி வைப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அன்று அந்த அக்காவின் கடனுக்குப் படிவம் போனது அவர்கள் குழுப் பேரேட்டைப் பார்த்துத்தான்.