பீடியும் காசநோயும்: இறப்புப் பதிவேட்டில் விளங்கும் ஓர் உண்மை

நெற்பயிர் மஞ்சள் பூத்தால் குடியானவர் கைகட்டிக்கொண்டிருப்பதில்லை. தூரைப் பிடுங்கி வேரைப் பார்க்கிறார். தண்டைப் பிளந்து புழு இருக்கிறதா என்று ஆராய்கிறார். வடிகால் அடைபட்டதோ, உரம் குறைந்ததோ என்று விசாரிக்கிறார். காரணம் தெரிந்தாலன்றிப் பரிகாரம் தேட முடியாது என்பது அவர் தம் அனுபவத்தால் கண்ட உண்மை. ஆனால் அதே குடியானவரின் வீட்டில், ஐம்பது வயது நிரம்பாத ஆண்மகன் ஒருவன் மாதக்கணக்கில் இருமி, உடல் இளைத்து, எலும்பும் தோலுமாகி இறந்துபோனால், "விதி முடிந்தது" என்ற ஒரே சொல்லோடு விசாரணை நின்றுவிடுகிறது. பயிருக்குக் கேட்கும் கேள்வியை மனிதனுக்கும் கேட்டுப் பார்த்த ஆராய்ச்சி ஒன்று உண்டு. அது நெடுந்தொலைவில் நடந்ததன்று. புதுச்சேரிக் கிராமங்களை அடுத்த விழுப்புரம் ஜில்லாவிலும் சென்னை நகரிலும் நடந்தது. அதன் முடிவு நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் அவசியம் அறிந்துகொள்ளத்தக்கது.

எல்லையில் உள்ள ஊர்

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் செல்லும் பெருவழியில், மண்ணாடிப்பட்டு கொம்யூனைச் சேர்ந்தது திருவாண்டார்கோயில். பழைய சிவாலயத்தால் பெயர் பெற்ற இவ்வூரைச் சூழ நெல்லும் கரும்பும் விளைகின்றன. அண்மைக் காலத்தில் தொழிற்சாலைகளும் எழுந்துள்ளன. மேற்கே சிறிது தூரம் சென்றால் விழுப்புரம் ஜில்லாவின் எல்லை வந்துவிடும். எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் மண் ஒன்று, மழை ஒன்று, சாகுபடி ஒன்று. ஜனங்களின் பழக்கவழக்கங்களும் ஒன்றே. நடவு, களையெடுப்பு, அறுவடை ஆகிய வேலைகளுக்கு ஆட்கள் இருபுறமும் போய்வருகின்றனர். வேலை ஓய்ந்த நேரத்தில் வரப்பில் உட்கார்ந்து பீடி பற்றவைப்பதும் இருபுறத்துக்கும் பொதுவான காட்சி. ஆகையால் விழுப்புரம் ஜில்லாக் கிராமங்களில் கண்ட உண்மை திருவாண்டார்கோயிலுக்குப் பொருந்தாது என்று எவரும் ஒதுக்கிவிட முடியாது.

ஆராய்ச்சி நடந்த விதம்

சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. கஜலட்சுமியும், இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் ரிச்சர்டு பீட்டோவும், அவர்களோடு வேறு சில நிபுணர்களும் இவ்வாராய்ச்சியை நடத்தினர். இதன் முடிவு 2003-ஆம் ஆண்டில் 'லான்செட்' என்னும் மருத்துவப் பத்திரிகையில் வெளியாயிற்று. 1990-ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் நோயினால் இறந்த 43,000 ஆண்களின் வரலாறு இதில் ஆராயப்பட்டது. இவர்களில் 27,000 பேர் நகரவாசிகள். 16,000 பேர் கிராமவாசிகள். இவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க, உயிரோடிருந்த 35,000 ஆண்களின் புகைப்பழக்கமும் விசாரிக்கப்பட்டது.

கிராமத்தில் வீட்டிலேயே இறக்கும் ஒருவரின் நோயை எப்படி அறிவது என்ற கேள்வி இயல்பாகவே எழும். இதற்கு எளியதொரு முறை கையாளப்பட்டது. பயிற்சி பெற்ற விசாரணையாளர் இறந்தவரின் வீட்டுக்குச் சென்று, மனைவியிடமோ மக்களிடமோ நோயின் வரலாற்றைக் கேட்டார். இருமல் எத்தனை மாதம் இருந்தது, சளியில் இரத்தம் வந்ததா, மாலைதோறும் காய்ச்சல் அடித்ததா, நெஞ்சுவலி திடீரென்று வந்ததா என்றெல்லாம் கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொண்டார். அக்குறிப்பை டாக்டர்கள் படித்து, மரணத்தின் காரணத்தை நிர்ணயித்தனர். இறந்தவர் புகை பிடித்தவரா என்பதும் கேட்டு எழுதப்பட்டது. இம்முறையில் சென்னையிலும் விழுப்புரம் ஜில்லாவிலுமாக, ஆண் பெண் இருபாலாரிலும் சுமார் 80,000 மரணங்கள் விசாரிக்கப்பட்டன.

கண்ட முடிவு

புகை பிடிப்பவர்களுக்குப் புற்றுநோய் வரும் என்பதைப் பலரும் கேள்விப்பட்டிருப்பர். ஆனால் இந்த ஆராய்ச்சியில் புகையினால் விளைந்த மரணங்களில் முதலிடம் பெற்றது புற்றுநோய் அன்று. சென்னையில் 25 முதல் 69 வயதுக்குட்பட்ட ஆண்களில், புகை பிடித்தவர்கள் நோயினால் இறக்கும் விகிதம் பிடிக்காதவர்களைப்போல் இரு மடங்காக இருந்தது. இவ்வாறு மிகுதியாக நேர்ந்த மரணங்களில் மூன்றில் ஒரு பங்கு சுவாச நோய்களால், அவற்றுள்ளும் முக்கியமாகக் காசநோயால் நேர்ந்தது. மற்றொரு மூன்றில் ஒரு பங்கு இருதயம், இரத்தக் குழாய் ஆகியவற்றின் நோய்களால் நேர்ந்தது. புற்றுநோயின் பங்கு நூற்றுக்குப் பதினொன்றே.

காசநோயை மட்டும் தனியே பார்த்தால், புகை பிடித்தவர்கள் அந்நோயால் இறக்கும் விகிதம் பிடிக்காதவர்களைப்போல் நாலரை மடங்கு. வயது, படிப்பு ஆகிய வேற்றுமைகளைக் கணக்கில் கொண்டு கண்ட விகிதம் இது. கிராமப் பகுதியிலும் முடிவு இதே போக்கில் இருந்தது. இந்தியாவில் காசநோயால் இறக்கும் ஆண்களில் சரிபாதிப் பேரின் மரணத்துக்குப் புகைப்பழக்கம் ஒரு காரணம் என்று ஆராய்ச்சியாளர் முடிவு செய்தனர். புகை பிடிப்பவர்களில் நால்வரில் ஒருவர் அப்பழக்கத்தினாலேயே 69 வயதுக்குள் இறக்கிறார் என்றும், அவ்வாறு இறப்பவர் இழக்கும் ஆயுள் சுமார் 20 ஆண்டு என்றும் அவர்கள் கணக்கிட்டனர். 20 ஆண்டு என்பது மகன் கலப்பை பிடிக்கும் வயதுக்கு வருமுன் தகப்பன் போய்விடுவதாகும். கடன் அடையுமுன் குடும்பத் தலைவன் போய்விடுவதாகும்.

புகை செய்யும் வேலை

காசநோய்க் கிருமி சுவாசத்தின் வழியே பலருடைய உடலில் புகுகிறது. புகுந்தவர்களில் பெரும்பாலோருக்கு நோய் உண்டாவதில்லை. உடலின் காவற்சக்தி அதை அடக்கி வைத்துவிடுகிறது. நிலத்தில் விழுந்த களை விதை ஈரமும் இடமும் கிடைக்கும் வரையில் உறங்கிக் கிடப்பதுபோல், அக்கிருமியும் உறங்கிக் கிடக்கிறது. சுவாசக் குழாயின் உட்புறத்தில் தூசியையும் சளியையும் மேலே தள்ளும் நுண்ணிய மயிர்கள் உள்ளன. புகை அவற்றைக் கெடுக்கிறது. நுரையீரலில் கிருமிகளை விழுங்கி அழிக்கும் அணுக்களையும் பலவீனப்படுத்துகிறது. காவல் தளர்ந்ததும், உறங்கிய கிருமி எழுந்து பெருகுகிறது. சென்னையில் 2,50,000 ஆண்களிடம் நடந்த வேறொரு விசாரணையில், புகை பிடித்தவர்களுள் காசநோய் கண்டவர்கள் மற்றவர்களைப்போல் மூன்று மடங்கு இருந்தமை இதனை உறுதிப்படுத்துகிறது.

பீடியில் புகையிலை கொஞ்சந்தானே என்று சிலர் சமாதானம் சொல்வதுண்டு. இந்நாட்டுக் கிராமங்களில் ஆண்கள் பிடிப்பது பெரும்பாலும் பீடியே. மேற்கண்ட சேதத்தில் சிகரெட்டைப்போலவே அதற்கும் பங்கு உண்டு.

விட்டால் பயன் உண்டா?

நாற்பது ஆண்டு பிடித்தாயிற்று, இனி விட்டு என்ன பயன் என்று முதியவர்கள் கேட்கக்கூடும். இங்கிலாந்தில் டாக்டர்களையே 50 ஆண்டுக் காலம் தொடர்ந்து கவனித்து வந்த ஆராய்ச்சியின் முடிவு 2004-இல் வெளியாயிற்று. அதன்படி, 60 வயதில் விட்டவர்கள் சுமார் 3 ஆண்டும், 50 வயதில் விட்டவர்கள் சுமார் 6 ஆண்டும், 40 வயதில் விட்டவர்கள் சுமார் 9 ஆண்டும் ஆயுளில் மீட்டுக்கொண்டனர். ஆகையால் காலம் கடந்துவிட்டது என்று கருத இடமில்லை.

விட்ட முதல் சில நாட்களில் எரிச்சல், தூக்கமின்மை, பீடியின்மேல் தீராத நாட்டம் ஆகியவை உண்டாகும். இவை பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் தணிந்துவிடும். அந்த நாட்களில் கூட இருப்பவர்கள் பீடி நீட்டாமல் இருப்பதே பேருதவி. கூலியாட்களுக்கு வெற்றிலை பாக்கோடு பீடியும் புகையிலையும் கொடுக்கும் வழக்கமுள்ள இடங்களில், அதற்குப் பதிலாக மோரோ வேர்க்கடலையோ கொடுக்க நிலமுடையவர் ஏற்பாடு செய்யலாம். செலவு பெரிதாக மாறுவதில்லை. பலன் மிகவும் மாறும்.

காலத்தில் கண்டுகொள்ளுதல்

இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல், மாலைக் காய்ச்சல், இரவில் வியர்வை, உடல் மெலிவு, சளியில் இரத்தம் ஆகியவற்றில் எது காணப்பட்டாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். புகை பிடிப்பவர்கள் "இது பீடி இருமல்" என்று மாதக்கணக்கில் அசட்டையாக இருந்துவிடுவதுதான் பெருங்கேடு. பரிசோதனையும் மருந்தும் சர்க்கார் நிலையங்களில் இலவசம். சாதாரணக் காசநோய்க்கு 6 மாதம் இடைவிடாமல் மருந்து உண்ண வேண்டும். வீட்டிலிருந்தபடியே மருந்து உண்டு குணமடையலாம் என்பதை உலகுக்கு மெய்ப்பித்துக் காட்டியது 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆராய்ச்சி நிலையமே.

எனினும் எல்லா நோயாளிகளும் வீட்டிலிருக்கத் தக்கவர்கள் அல்லர். காசநோயால் இறப்பவர்களில் பெரும்பகுதியினர் சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள்ளேயே இறக்கின்றனர். இதனைக் கருதித் தமிழ்நாடு அரசு 2022-இல் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' என்பதைத் தொடங்கியது. நோய் கண்ட அன்றே அபாயமானவர்களைப் பிரித்தறிந்து ஆஸ்பத்திரியில் சேர்ப்பது இதன் நோக்கம். அதற்கு அவர்கள் பார்க்கும் அடையாளங்களைக் கிராமத்தாரும் தெரிந்துகொள்வது நலம்:

1. உயரத்துக்கு மிகக் குறைந்த எடை. 5 அடி 5 அங்குல உயரமுள்ள ஆடவர் 38 கிலோவுக்கு மேற்படவில்லையானால் அது அபாயம்.

2. மெலிந்த உடலில் கால் மட்டும் வீங்கியிருத்தல்.

3. பிறர் துணையின்றி எழுந்து நிற்க இயலாமை.

4. நிமிஷத்துக்கு 24-க்கு மேற்பட்ட சுவாசம், அல்லது விரலில் பொருத்தும் கருவியில் இரத்தத்தின் பிராணவாயு அளவு நூற்றுக்கு 94-க்குக் கீழ் காணுதல்.

இவற்றுள் ஒன்று இருப்பினும் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இருமலோடு இரத்தம் மிகுதியாக வந்தால், நோயாளியைச் சாய்வாக உட்காரவைத்து, வாயில் உணவோ நீரோ புகட்டாமல், உடனே 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். வண்டி வரும் வரையில் நாட்டு மருந்து தேடி அலைவது உயிருக்கு ஆபத்தாகும்.

உணவே துணை மருந்து

விவசாயிகள் மகிழத்தக்க செய்தியும் ஒன்று உண்டு. ஜார்க்கண்ட் மாகாணத்தில் நடந்து 2023-இல் வெளியான ஆராய்ச்சியில், காசநோயாளிகளின் குடும்பத்தாருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ துவரம்பருப்பும், உயிர்ச்சத்து மாத்திரையும் கொடுக்கப்பட்டன. அக்குடும்பங்களில் புதிதாகக் காசநோய் காண்பது சுமார் நூற்றுக்கு 40 பங்கு குறைந்தது. நோயாளிகளிலும் முதல் இரண்டு மாதத்தில் எடை கூடியவர்களிடையே மரணம் மிகக் குறைவாக இருந்தது. வரப்பில் துவரையும் நெல் தரிசில் உளுந்தும் விதைப்பது மண்ணுக்கு நல்லது என்று விவசாய இலாகா நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது. அது நுரையீரலுக்கும் நல்லது என்பது இதனால் விளங்கும். இந்திய அரசு காசநோயாளிகளுக்கு உணவுச் செலவுக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்து, 2024 நவம்பர் முதல் அதை 1,000 ரூபாயாக உயர்த்தியது. இத்தொகையை நோயாளி தவறாமல் பெறும்படி பார்ப்பது ஊர்ப் பெரியவர்களின் கடமை.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியது

மேற்கண்ட ஆராய்ச்சி முழுவதும் ஓர் எளிய ஆதாரத்தின்மேல் நின்றது: பதிவு செய்யப்பட்ட மரணம். ஊரில் நேர்ந்த இறப்பு ஏட்டில் ஏறாதிருந்தால், எந்த டாக்டரும் அந்த வீட்டுக் கதவைத் தட்டியிருக்க முடியாது. 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி ஒவ்வொரு மரணமும் 21 நாட்களுக்குள் அறிவிக்கப்பட வேண்டும். இறப்பு அறிக்கைப் படிவத்தில் மரணத்தின் காரணத்தோடு, இறந்தவர் புகை பிடிப்பவரா, புகையிலை மெல்பவரா, எத்தனை ஆண்டுகளாக என்ற கேள்விகளும் இடம்பெற்றுள்ளன.

துக்க வீட்டில் இக்கேள்வியைக் கேட்பது சங்கடமானதே. "எதற்கு வீண் விசாரணை" என்று விட்டுவிடுவது எளிது. ஆனால் அந்த ஒரு கட்டம் வெற்றிடமாக விடப்படும்போது, ஒரு மனிதன் எதனால் மாண்டான் என்பதற்கான சாட்சியமும் அவனோடு புதைக்கப்படுகிறது. விழுப்புரம் ஜில்லாவில் கணவனை இழந்த பெண்கள் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு சொன்ன விடைகளே, இந்தியா முழுவதற்கும் பீடியின் தீமையைக் காட்டும் சான்றாயின. படிவத்தை நிரப்பும் அதிகாரி கனிவோடு கேட்டு, கேட்டதை உள்ளபடி எழுதினால், அது இறந்தவருக்குச் செய்யும் மரியாதையும், அவர் மக்களுக்குச் செய்யும் காவலும் ஆகும்.

பயிர் ஏன் பட்டது என்று கேட்காத ஊரில் அடுத்த போகமும் படும். மனிதன் ஏன் இறந்தான் என்று கேட்காத வீட்டில் மகனும் அதே வரப்பில் அமர்ந்து அதே பீடியைப் பற்றவைப்பான்.