நெருப்பில்லாமல் புகையாது, புகையில்லாமல் நெருப்பு?

2023 மார்ச் 1 அன்று திருமலையில் முகத்தைப் பார்த்து ஆளை அடையாளம் காணும் தொழில்நுட்பத்தைச் சோதனை முறையில் கொண்டுவந்தது தேவஸ்தானம். ஒரே ஆள் திரும்பத் திரும்ப லட்டு டோக்கன் வாங்குவதையும், அறை ஒதுக்கீட்டில் தரகர்கள் புகுவதையும் தடுப்பதற்கான ஏற்பாடு அது. நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நேற்று அறை எடுத்த பாட்டி இன்று கல்யாணகட்டாவில் முடி கொடுத்துவிட்டு, தலையில் சந்தனத்தோடு வந்து நிற்கிறார். ‘இது அந்த முகம் இல்லை’ என்று கருவி சொல்லிவிட்டால் யார் பேச்சு எடுபடும்? தான் தான்தான் என்று நிரூபிக்கும் பொறுப்பைப் பாட்டியின் தலையில் கட்டுவது நியாயமா?

இது வீண் கவலை அல்ல. முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று மென்பொருள்களை ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018-ல் பரிசோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் பிழை 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை போனது. பிழையைக் குறைக்கப் பொறியாளருக்குத் தெரியும். எவ்வளவு பிழையைப் பொறுக்கலாம், மிச்சமிருக்கும் பிழை யார் தலையில் விடியலாம் என்பது வேறு வகைக் கேள்வி. அதைக் கேட்கப் பழகியவர்கள் தத்துவம் படித்தவர்கள். அவர்கள் பொறியியல் வளாகத்தில் இருக்க வேண்டியது அதனால்தான்.

சென்னை ஐ.ஐ.டி.யின் வழிகாட்டலில் 2015-ல் தொடங்கிய திருப்பதி ஐ.ஐ.டி., இன்று காளஹஸ்தி போகும் வழியில் ஏர்ப்பேட்டில் இருக்கிறது. மற்ற ஐ.ஐ.டி.க்களைப் போல அங்கும் மனிதவியல், சமூக அறிவியல் துறை உண்டு. பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்விலேயே 2021 முதல் தத்துவம் ஒரு பாடம். கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் சித்தூர், திருப்பதி சுற்றுவட்டாரத்துப் பொறியியல் கல்லூரிகளில் பிள்ளைகள் காண்பது பெரும்பாலும் ‘மனித விழுமியங்கள்’ என்ற தாளை மட்டுமே. தேர்வுக்கு முந்தின இரவு கைடைப் புரட்டி, மறுநாளே மறந்துவிடுவார்கள். நல்லவனாக இரு என்று உபதேசிக்கவா தத்துவ ஆசிரியர்? ஆய்வகத்துக்குள் வந்து, ‘இந்த முடிவுக்கு எப்படி வந்தீர்கள்?’ என்று கேட்பதற்கல்லவா அவர் வேண்டும்!

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1960-களில் தத்துவம் நடத்திய ஹியூபர்ட் டிரைஃபஸ் அப்படிக் கேட்டவர். செயற்கை நுண்ணறிவு ஆய்வு சூடுபிடித்திருந்த அதே வளாகத்தில் இருந்துகொண்டு, மனித அறிவு முழுவதையும் விதிகளாக எழுதிவிட முடியாது என்று 1965-ல் அறிக்கை எழுதினார். ஆய்வாளர்களுக்குக் கடுங்கோபம். 1967-ல் அங்கே எழுதப்பட்ட சதுரங்க நிரலிடம் அவரே தோற்றபோது கொண்டாடினார்கள். ஆனால் விதிகளை மட்டும் நம்பிய அந்தப் பாதை பின்னால் முட்டுச்சந்தில் போய் நின்றது. அவருடைய ஆட்சேபத்தை அந்தத் துறைக்காரர்களே திரும்ப எடுத்துப் படித்தார்கள்.

இப்படிப்பட்ட கேள்விக்கு நாம் எம்.ஐ.டி. வரை போக வேண்டியதில்லை. 1961-ல் தொடங்கி, 2020-ல் மத்தியப் பல்கலைக்கழகமான சம்ஸ்கிருத வித்யாபீடம் திருப்பதியிலேயே இருக்கிறது. நியாய சாஸ்திரத்தில் பெரும் பண்டிதரான என். எஸ். ராமானுஜ தாத்தாச்சாரியார் துணைவேந்தராக இருந்த இடம் அது.

அந்தச் சாஸ்திரத்தின் பழைய உதாரணம் எல்லோருக்கும் தெரியும். மலையில் புகை தெரிகிறது. ஆகவே அங்கே நெருப்பு இருக்கிறது. சரி, நெருப்பு இருக்கும் இடத்திலெல்லாம் புகை இருக்குமா? பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை கிடையாது. புகை வர ஈர விறகு வேண்டும். இப்படி நடுவில் மறைந்திருந்து நம் அனுமானத்தைக் கெடுக்கும் நிபந்தனைக்கு ‘உபாதி’ என்று பெயர். அதைத் தேடிப் பிடிப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வாதம் செய்திருக்கிறார்கள்.

2018-ல் வெளியான ஓர் ஆய்வைப் பாருங்கள். மார்பு எக்ஸ்ரேயில் நிமோனியாவைக் கண்டுபிடிக்கப் பயிற்றுவித்த மென்பொருள், படம் எந்த ஆஸ்பத்திரியில் எடுத்தது என்பதையும் கண்டுகொண்டிருந்தது. ஓர் ஆஸ்பத்திரியில் நிமோனியா நோயாளிகள் அதிகம், இன்னொன்றில் குறைவு. அந்த வித்தியாசத்தையே துப்பாக வைத்துக்கொள்ள அதற்கு வழி இருந்தது. வெளி ஆஸ்பத்திரிப் படங்களைக் கொடுத்தபோது பல சோதனைகளில் தடுமாறியது. இங்கே ஈர விறகு ஆஸ்பத்திரிதான். நியாயம் படித்த மாணவர் இதைக் கேட்டால் உடனே உபாதி என்பார். ஏர்ப்பேட்டில் எக்ஸ்ரே மென்பொருள் எழுதும் மாணவருக்கு வித்யாபீடத்தின் அந்த மாணவரைத் தெரியாது. இருவருக்கும் நடுவே ரேணிகுண்டா வழியாக ஒரு பஸ் பயணம், அவ்வளவுதான் தூரம். இருந்தும் இரண்டும் இரண்டு உலகங்களாகக் கிடப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

1954-ல் தோன்றிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகமும் இதே ஊரில்தான். திருத்தணியில் பிறந்து, திருப்பதி லூத்தரன் மிஷன் பள்ளியில் படித்த ராதாகிருஷ்ணன்தான் சுதந்திர இந்தியாவின் முதல் பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். ஒரு தத்துவப் பேராசிரியரிடம் நாடு அந்த வேலையைக் கொடுத்தது.

ஐ.ஐ.டி., வித்யாபீடம், வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து ஒரு செமஸ்டர் பாடம் நடத்தலாம். கணினி ஆசிரியர் ஒருவர், நியாய பண்டிதர் ஒருவர், தத்துவ ஆசிரியர் ஒருவர். எடுத்துக்கொள்ள வேண்டிய பொருள் திருமலை வரிசை. யாரை முன்னால் விடலாம், யார் முகத்தைச் சேமிக்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம், கருவி தவறினால் பக்தர் யாரிடம் முறையிடுவார்? இந்தப் பாடத்துக்கு மற்றப் பொறியியல் தாள்களுக்கு உள்ள அதே கிரெடிட் தர வேண்டும். மாணவர் செய்யும் புராஜெக்டை மதிப்பிடும் குழுவில் தத்துவ ஆசிரியருக்கும் மதிப்பெண் போடும் அதிகாரம் வேண்டும். பதில் சரியில்லை என்றால் திருத்தி எழுதச் சொல்லித் திருப்பி அனுப்பும் அதிகாரமும் வேண்டும்.