எல்லையோர ஊர்களில் வலி மாத்திரை

மருந்துக் கடையில் ‘வலி மாத்திரை’ என்று கேட்டால் கிடைப்பவை இரண்டு வகை. ஒன்று பாராசிட்டமால். அது வலியையும் காய்ச்சலையும் தணிக்கும். வீக்கத்தை அவ்வளவாகக் குறைக்காது. மற்றொன்று வீக்கத்தையும் சேர்த்துக் குறைக்கும் வகை. ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், அசெக்ளோஃபினாக், மெஃபனமிக் அமிலம் ஆகியவை இதில் அடங்கும்.

1945ஆம் ஆண்டின் மருந்து விதிகள் பாராசிட்டமாலையும் ஆஸ்பிரினையும் வீட்டு மருந்தாகக் கருதுகின்றன. ஆயிரம் பேருக்கு மேற்படாத சிற்றூரில் உரிமம் இல்லாத கடையிலும் அவற்றை நிபந்தனைகளுடன் விற்கலாம். டைக்ளோஃபினாக் போன்றவற்றுக்கு மருத்துவரின் சீட்டு வேண்டும். அட்டையில் உள்ள செங்குத்தான சிவப்புக் கோடு அதற்கான அடையாளம். ஆனால் பல கடைகளில் சீட்டு இல்லாமலே அவை கைக்கு வந்துவிடுகின்றன.

தமிழக எல்லையை ஒட்டிய இடுக்கி மலைகளில் இதன் ஆபத்து மழைக்காலத்தில் வெளிப்படும். மூணாறு, தேவிகுளம், பீர்மேடு பகுதிகளின் தேயிலை, ஏலத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் ஏராளம். ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் கேரளத்தில் டெங்குவும், மலையாளத்தில் ‘எலிப்பனி’ எனப்படும் எலிக்காய்ச்சலும் பெருகுகின்றன. இரண்டுமே காய்ச்சலோடும் உடம்பு வலியோடும்தான் ஆரம்பிக்கும். எலிக்காய்ச்சலின் முக்கிய அறிகுறி கெண்டைக்கால் வலி. சரிவில் ஏறி இறங்கிக் கொழுந்து பறிப்பவருக்கு அது வேலைக் களைப்பாகவே தோன்றலாம். டெங்குவில் இரத்தத் தட்டணுக்கள் குறையும். அந்த நேரத்தில் இரண்டாம் வகை மாத்திரை மீதமுள்ள தட்டணுக்களின் வேலையையும் தடுத்து, இரைப்பையையும் புண்ணாக்கி, இரத்தக்கசிவுக்கு வழி செய்யும். எலிக்காய்ச்சலோ சிறுநீரகத்தைத் தாக்கும். அந்த மாத்திரை அதன்மேல் இன்னொரு சுமை. நோய் இன்னதென்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டுமே ஏற்றது. டெங்குவில் காய்ச்சல் விடும் நேரமே அபாயமானது என்பதால், உடம்புச் சூடு தணிந்ததும் மருத்துவரைப் பார்க்காமல் இருந்துவிடக் கூடாது.

பாலக்காட்டுப் பக்கம் ஆபத்து வெயிலில் இருக்கிறது. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வாளையார் வட்டாரங்களில் கோடை வெப்பம் 40 டிகிரியைத் தொடுவதுண்டு. வயலில் வியர்த்து உடம்பில் நீர் குறையும்போது, சிறுநீரகத்துக்கு இரத்தம் தடையின்றிச் செல்ல புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உதவுகிறது. வலியை உண்டாக்குவதிலும் அதற்குப் பங்குண்டு. இரண்டாம் வகை மாத்திரை தடுப்பது அதைத்தான். ஆகவே வலி குறையும்போது சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தமும் குறையலாம். இரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுபவர்களுக்கு, அதிலும் சிறுநீரை அதிகம் வெளியேற்றும் மாத்திரை எடுப்பவர்களுக்கு, இந்த ஆபத்து கூடுதல்.

அளவில் வரும் பிழை பெரும்பாலும் பெயரால் வருகிறது. உள்ளூர்க் கடையில் ஒரு அட்டை, எல்லை தாண்டிக் கம்பத்திலோ பொள்ளாச்சியிலோ வேறு பெயரில் இன்னொரு அட்டை என்று வாங்கினால், இரண்டிலும் பாராசிட்டமாலே இருக்கக்கூடும். சளி மாத்திரைகள் பலவற்றிலும், ‘பி’ என்று பெயர் முடியும் பல கூட்டு மாத்திரைகளிலும் அது சேர்ந்திருக்கிறது. வணிகப் பெயருக்குக் கீழே உள்ள மருந்துப் பெயரையும் மில்லிகிராமையும் பார்த்தே சாப்பிட வேண்டும். படிக்க இயலாதவர் கடைக்காரரிடம் கேட்கலாம். உடல்நலமுள்ள பெரியவருக்கு 24 மணி நேரத்தில் 4 கிராமே உச்ச வரம்பு: 500 மில்லிகிராம் மாத்திரையானால் எட்டு, 650 ஆனால் ஆறு. ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் குறைந்தது 4 முதல் 6 மணி நேர இடைவெளி தேவை. மெலிந்தவர், மது அருந்துபவர், கல்லீரல் நோயாளி ஆகியோருக்கு வரம்பு இதைவிடக் குறைவு. குழந்தைகளுக்கு எடையைப் பொறுத்தே அளவு. அவர்களுக்கு ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது.

அளவு மீறினால் முதல் நாளில் எந்த அறிகுறியும் தெரியாமல் போகலாம். கல்லீரல் அதற்குள் பழுதடையத் தொடங்கியிருக்கும். அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிகுந்த பலன் தரும். எனவே அறிகுறிக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இரைப்பைப் புண், சிறுநீரக நோய், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இரண்டாம் வகையைத் தாமாக வாங்கக் கூடாது. மற்றவர்களும் அதை வெறும் வயிற்றில் தவிர்த்து, குறைந்த அளவில், சில நாள்களுக்கு மட்டுமே சாப்பிட வேண்டும். கருநிற மலம், சிறுநீர் குறைவு, கண் மஞ்சளாதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். கேரளத்தில் ‘திசா’ உதவி எண் 1056-லும் ஆலோசனை பெறலாம்.